புல் வளரும் நாட்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் குளத்தூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று கழக்கூட்டத்தை ஒட்டி, டெக்னோபார்க்கின் உயர்ந்த கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருப்பது. காரியவட்டத்தில் உள்ள கிரீன்ஃபீல்டு சர்வதேச ஸ்டேடியத்துக்கு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். மற்றது எங்கள் குளத்தூர். நெய்யாற்றின்கரை தாலுகாவின் தெற்கு மூலை. பொழியூர்க் கடப்புறமும், அதாவது கடற்கரையும், எங்கள் பஞ்சாயத்தில் சேர்ந்தது. அதைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்துக்குப் போனபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். பெரிய ஆஸ்பத்திரி அங்கே, பெரிய மைதானமும் அங்கே. இரண்டு குளத்தூர்களுக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு நாட்டின் பெயரில், ஒரு மாநிலத்தின் பணத்தில் எழும் மைதானம் யாருக்காக நிற்கிறது என்ற கேள்வியை இந்தத் தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் அதன் முழு உருவமும் தெரிகிறது.

முதலில் அந்த மைதானத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். காரியவட்டம் வருவதற்கு முன் திருவனந்தபுரத்தில் ஆண்கள் சர்வதேச ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் இரண்டே இரண்டுதான் நடந்தது. இரண்டும் பாளையம் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தில். 1984 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தை மழை வந்து முடிவில்லாமல் கலைத்துவிட்டது. 1988 ஜனவரி 25 அன்று விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தது. நம் ஸ்ரீகாந்த் சதம் அடித்தார். பில் சிம்மன்ஸ் பதில் சதம் அடித்து ஆட்டத்தைக் கொண்டுபோய்விட்டார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் இந்திய கிரிக்கெட் அணி இந்த நகரத்தில் ஆடவில்லை.

35வது தேசிய விளையாட்டுப் போட்டிகளைக் கேரளம் நடத்த ஒப்புக்கொண்டதால் கிரீன்ஃபீல்டு எழுந்தது. கேரளப் பல்கலைக்கழகத்தின் 36 ஏக்கர் நிலம், 15 வருஷக் குத்தகை. பக்கத்திலேயே லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி. 2015 ஜனவரி 31 அன்று தொடக்க விழா. மறுவருஷம் ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்து இறுதி ஆட்டம் இதே புல்லில் நடந்தது. ஆப்கானிஸ்தானைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று இந்தியா வென்றது. 2017 நவம்பர் 7 அன்று நியூசிலாந்து கிரிக்கெட் அணி வந்தபோது துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வேறு மைதானமாக இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். இங்கே மழை ஓய்ந்ததும் தண்ணீர் வடிந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆளுக்கு 8 ஓவர் ஆட்டம் நடந்தது. குடைக்கும் கூரைக்கும் கீழே நனைந்தபடி காத்திருந்த கூட்டம் கலையவே இல்லை. இந்தியா 67, நியூசிலாந்து 61. ஆறே ஓட்டத்தில் வெற்றி. மைதானத்தின் அடியில் மண்ணுக்குள் இருக்கும் வடிகாலுக்கு அன்று ஜனங்கள் கைதட்டினார்கள் என்றுதான் சொல்வேன்.

2023 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்தில் தைப்பொங்கல். இலங்கைக்கு எதிராக இந்தியா 390 ஓட்டம் எடுத்தது. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166, சுப்மன் கில் 116. இலங்கை 73 ஓட்டத்துக்குச் சுருண்டது. 317 ஓட்ட வித்தியாசம். ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை எந்த நாடும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. ஆனால் சுமார் ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய கேலரியில் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. டிக்கெட் விலையும் பொழுதுபோக்கு வரியும் பற்றிய சண்டை ஆட்டத்துக்கு முன்பே ஊரெல்லாம் பேச்சாகியிருந்தது. உலக சாதனையை நேரில் பார்க்க அரை ஸ்டேடியம்கூட நிரம்பவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

காலி நாற்காலி என்றால் நஷ்டம். காலி நாள் என்றால் அதைவிடப் பெரிய நஷ்டம். ஸ்டேடியங்களை நடத்துகிறவர்களின் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. கிரீன்ஃபீல்டை அரசு தன் கையால் கட்டவில்லை. ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமத்தின் நிறுவனம் ஒன்று வடிவமைத்து, கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்க வேண்டும். அரசு ஆண்டுத் தவணையாகப் பணம் தரும் என்பது ஏற்பாடு. மாநாட்டு மண்டபம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் அதோடு சேர்ந்தவை. 2018-இல் அந்தக் குழுமமே கடனில் சரிந்தது. 2022 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், மின்கட்டண பாக்கிக்காக ஸ்டேடியத்தின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது. மாண்ட்ரியலில் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்டேடியத்தின் கடனை அடைத்து முடிக்க 2006 வரை, முப்பது வருஷம் ஆனது. ஆகவே கச்சேரி வருகிறது, பொதுக்கூட்டம் வருகிறது, கண்காட்சி வருகிறது.

கொச்சி கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இந்தக் கதை இன்னும் கூர்மையாக நடந்தது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கவனமாக வளர்த்த புல் அங்கே இருந்தது. 2018 நவம்பர் 1 மேற்கிந்தியத் தீவுகள் ஆட்டத்தை அங்கே வைக்கலாம் என்ற பேச்சு வந்ததும், கிரிக்கெட் பிட்சுக்காக அந்தப் புல்லைத் தோண்டக் கூடாது என்று கால்பந்து வீரர்கள் குரல் கொடுத்தார்கள். சி.கே. வினீத் பேசினார், இயன் ஹியூம் பேசினார். கிரிக்கெட்டில் தெய்வமாக மதிக்கப்படும் சச்சின் டெண்டுல்கரும் கால்பந்துப் புல்லுக்காகப் பேசினார். கடைசியில் ஆட்டம் காரியவட்டத்துக்கு வந்தது. அதே கலூரில் 2024 டிசம்பர் 29 அன்று ஏறக்குறைய 12,000 பேர் ஒரே நேரத்தில் பரதநாட்டியம் ஆடும் கின்னஸ் முயற்சி நடந்தது. விருந்தினருக்காகக் கேலரியில் போட்டிருந்த தற்காலிக மேடையிலிருந்து திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் கீழே விழுந்து படுகாயம் அடைந்தார். விளையாட்டுப் பார்க்கக் கட்டிய இடத்தில் வேறொன்றை நடத்தும்போது தடுப்புக் கம்பி முதல் தரையின் பாரம் வரை ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டும் என்பதற்கு அந்த விபத்து சாட்சி. அதற்கு இரண்டு மாதம் முன்பு டெல்லி நேரு ஸ்டேடியத்தில் தில்ஜித் தோசாஞ் கச்சேரி முடிந்த பின், ஓடுபாதை முழுக்கக் குப்பையும் மதுப்புட்டிகளும் கிடந்ததை, பயிற்சிக்கு வந்த ஓட்டக்காரர் ஒருவர் வீடியோ எடுத்து நாட்டுக்குக் காட்டினார்.

இங்கே புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நல்ல மைதானத்தில் மேலே ஒட்டக் கத்தரித்த புல், அதற்குக் கீழே மணல் படுகை, அதற்குக் கீழே சரளையும் வடிகால் குழாயும். மணல் துகளுக்கும் துகளுக்கும் இடையே இருக்கும் வெற்றிடத்தில்தான் வேர் மூச்சு விடுகிறது. மழைத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. மேடைக்கான இரும்பும் ஜெனரேட்டரும் ஏற்றிய லாரி அதன்மேல் ஏறினால் அந்த வெற்றிடம் அமுங்கிப்போகும். நாற்காலி போடப் பலகை விரித்தால் வெயில் படாது. சில நாளில் புல் வெளுத்து மஞ்சளாகிவிடும். கால்பந்து வீரர்களின் பூட்ஸ் பெயர்த்த இடத்தையும் புல் தானே பக்கவாட்டில் ஓடி மூடிக்கொள்ளும், அதற்கு வேண்டியது நாட்கள் மட்டுமே. யாரும் ஏறாத நாட்கள். கணக்குப் புத்தகத்தில் காலி என்று எழுதப்படும் அந்த நாட்களில்தான் மைதானம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தரிசு போட்ட வயலை யாரும் சும்மா கிடக்கிற வயல் என்று சொல்வதில்லை.

இவ்வளவு தூரம் வரும்போது பதில் சுலபமாகத் தோன்றும்: விளையாட்டு மைதானத்தை விளையாட்டுக்கு மட்டும் கொடு, மற்றவர்களை வெளியே அனுப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், 2021-இல் காரியவட்டத்தில் நடந்ததைப் பற்றி யோசிக்காமல் இருந்திருந்தால்.

அந்த வருஷம் மார்ச்சில் தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணி இந்தியாவுக்கு வந்தது. 2020 மார்ச் 8 மெல்போர்ன் உலகக் கோப்பை இறுதிக்குப் பிறகு நம் பெண்கள் ஒரு வருஷமாக ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. கோவிட் அவர்களை வீட்டில் உட்கார வைத்திருந்தது. ஐந்து ஒருநாள், மூன்று டி20 என எட்டு ஆட்டம். அவற்றைத் திருவனந்தபுரத்தில் நடத்தலாமா என்று கேட்டபோது, மைதானம் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆட்டங்கள் லக்னோவுக்குப் போயின. மார்ச் 12 அன்று அங்கேதான் மிதாலி ராஜ் சர்வதேச கிரிக்கெட்டில் 10,000 ஓட்டத்தைத் தொட்டார். இந்தியப் பெண்களில் முதல் ஆள். அந்தக் கணம் காரியவட்டத்தில் நடந்திருக்கலாம். விளையாட்டுக்கான இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்ததால் பெண்கள் கிரிக்கெட் இழந்தது என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். கோபம் சரியானதே.

ஆனால் அந்த முகாமுக்கு வந்தவர்கள் யார்? தென் மாவட்டங்களின் பையன்கள். எங்கள் தாலுகாவில் பட்டாளத்துக்குப் போவது என்பது குடும்பம் கரையேறும் வழி. ரப்பர் வெட்டுகிறவர் மகன், மீன் பிடிக்கிறவர் மகன், கூலி வேலைக்காரர் மகன் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறார்கள். எங்கே ஓடுகிறார்கள்? ரோட்டில். டிப்பர் லாரி வருகிற ரோட்டில், தெருவிளக்கு இல்லாத இடத்தில் ஃபோன் வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்த முகாமில் முழு மார்க் வாங்க 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் ஓட வேண்டும், பத்துத் தடவை கம்பியில் உடம்பைத் தூக்க வேண்டும்; ஒன்பது அடி அகலப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். அவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு சர்வதேச ஸ்டேடியத்தின் உள்ளே டிக்கெட் இல்லாமல் கால் வைக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான். அவர்களும் ஓடத்தான் வந்தார்கள். அவர்களை வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு பக்கம் ஒரு வருஷமாக சர்வதேச ஆட்டம் காணாத பெண்கள், மறுபக்கம் வேலைக்காக ஓடும் பையன்கள். இருவருக்கும் ஒரே புல். இருவரில் யாருக்கு உரிமை என்று தீர்ப்பு எழுத முயன்றால் எழுத முடியாது. ஏனென்றால் வழக்கே தவறாகத் தொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மாவட்டத்தின் எல்லாத் தேவையும் ஒரே மைதானத்தின் வாசலில் வந்து நிற்கும்படி விட்டதுதான் பிழை. ஆட்கள் ஓட ஓர் இடம், கூட்டம் கூட ஓர் இடம், கச்சேரிக்கு ஓர் இடம், பந்து உதைக்க ஓர் இடம் என்று ஊர்தோறும் இருந்த வெளிகள் ஒவ்வொன்றாக வேலிக்குள் போன பிறகு, மிச்சமிருக்கும் ஒரே பெரிய புல்வெளியின் மேல் அத்தனை பாரமும் ஏறுகிறது. கிரீன்ஃபீல்டின் புல்லைக் காப்பாற்றும் வழி கிரீன்ஃபீல்டுக்குள் இல்லை. அது நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் சின்ன மைதானங்களில் இருக்கிறது.

பொழியூர்க் கடப்புறத்துக்கு மாலையில் வந்து பாருங்கள். வள்ளங்களைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்துக்கு அப்பால் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும் பகுதிதான் மைதானம். நட்ட இரண்டு கம்பு, அவற்றுக்கு நடுவே கிழிந்த மீன்வலை, அதுதான் கோல். ஒரு பக்கக் கோடு கடல். பந்து அலைக்குள் போனால் கடைசியாக உதைத்தவனே ஓடிப் போய் எடுத்து வர வேண்டும், அலை திருப்பித் தரும் வரை ஆட்டம் நிற்கும். மணலில் காலைத் தூக்கி ஓடியே வளர்ந்ததால் இந்தப் பிள்ளைகளின் கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். புல்லில் இறங்கினால் இறக்கை கட்டியது போல ஓடுவார்கள். சந்தோஷ் டிராபிக்கான கேரள அணியில் பொழியூர்ப் பையன்கள் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர் என்று அதே கடற்கரை, அதே பந்து. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார். மாநில எல்லை இந்தப் பந்துக்குத் தெரியாது. பெருநாள் டூர்ணமென்ட் என்றால் இரண்டு மாநிலத்து டீமும் ஒரே மணலில்தான் மோதும்.

அந்த மணலைத்தான் கடல் தின்றுகொண்டிருக்கிறது. தெற்குக் கொல்லங்கோடு பக்கம் வீடுகள் போயின, கடலோர ரோடு போயிற்று. கரையோரம் மணல் எப்போதும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அலை அதைக் கரையை ஒட்டியே இழுத்துக்கொண்டு போகும், இன்னொரு பருவத்தில் திருப்பிக் கொண்டுவரும். நடுவில் எங்காவது கல்லைக் கொட்டி மறித்தால் அந்த இடம் தப்பும், அடுத்த ஊருக்கு வர வேண்டிய மணல் வராது. எல்லைக்கு அப்பால் போட்ட கல்தான் எங்கள் கரையைக் கரைக்கிறது என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். காரணம் எதுவானாலும், வீடு இழந்தவனுக்குக் கணக்கெடுப்பு உண்டு, வள்ளம் இழந்தவனுக்கு விண்ணப்பம் உண்டு. பிள்ளைகள் பந்து உதைத்த மணல் போனதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது. கிரீன்ஃபீல்டின் ஒரு சதுர அடிப் புல் கருகினால் செய்தி வருகிறது. கடப்புறத்தில் ஒரு மைதானமே மறைந்தால் அது வானிலைச் செய்திக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே இழப்பின் இரண்டு முனைகள் என்பதை நாம் பார்க்கத் தவறுகிறோம்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு களிக்களம் என்று கேரள அரசு திட்டம் வகுத்து, விளையாட்டுத் துறைப் பணத்தோடு எம்.எல்.ஏ. நிதியும் உள்ளாட்சி நிதியும் சேர்த்து ஊர்தோறும் மைதானம் அமைக்கத் தொடங்கியது. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பட்டாளத்துக்கு ஓடும் பையனுக்கு அளந்து கோடு போட்ட ஒரு பாதை உச்சக்கடையிலோ பாறசாலையிலோ இருந்தால், முகாமையும் மாவட்டத்தில் நான்கு இடங்களில் பிரித்து நடத்த முடியும். அப்போது பெண்கள் அணி லக்னோவுக்குப் போக வேண்டியிருக்காது. போகாமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதை 2025 டிசம்பர் காட்டியது. இலங்கைக்கு எதிரான மூன்று டி20 ஆட்டங்களைப் பெண்கள் காரியவட்டத்தில் ஆடினார்கள். டிசம்பர் 28 அன்று ஸ்மிருதி மந்தனா 80 ஓட்டம் அடித்தபோது, மிதாலிக்குப் பிறகு 10,000 ஓட்டத்தைத் தொட்ட இரண்டாவது இந்தியப் பெண்ணானார். மிதாலியின் கணத்தைத் தவறவிட்ட அதே மைதானம் இந்தக் கணத்தைப் பெற்றது.

கச்சேரியும் மாநாடும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதுரைத் தமுக்கத்தில் நாயக்கர் காலத்தில் யானைச் சண்டை நடந்தது, நம் காலத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடந்தது. ஜனங்கள் கூடும் இடம் பல வேடம் போடுவது நம் வழக்கம்தான். நான் கேட்பது வரிசை. குத்தகைக் காலம் முடிந்து ஸ்டேடியத்துக்குப் புதிய ஒப்பந்தம் எழுதும் நாள் தூரத்தில் இல்லை. எழுதும்போது வருஷ நாட்காட்டியில் முதலில் புல் வளரும் நாட்களைக் குறித்து வையுங்கள், அவற்றை யாருக்கும் விற்க முடியாதபடி. அடுத்து விளையாட்டு நாட்கள், பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. மீதி நாட்களில் மேடை போடட்டும், வாடகை வாங்கட்டும். அந்த வாடகையில் ஒரு பங்கு எந்தப் பஞ்சாயத்துக் களத்துக்குப் போகிறது, எந்தக் கடற்கரையில் மணல் நிரப்பப் போகிறது என்பதை ஸ்டேடியத்தின் வாசலிலேயே எழுதி வைக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தைக் காரியவட்டத்தில் வையுங்கள். பொழியூரும் தூத்தூரும் மோதட்டும்; நடுவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம். டிக்கெட் வேண்டாம். களியக்காவிளையிலிருந்தும் பூவாறிலிருந்தும் காலையில் பஸ் விடுங்கள், கேலரி எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள்.